பூஜைக்கு அணைத்த சர்வர்

சனிக்கிழமை மதியம் அந்த மாடியறையில் இருந்தவர்கள்:

காசிராஜன், முதலாளி. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எம்பிராய்டரி பட்டறை அவருடையது. கீழே மெஷின்கள், மேலே கம்ப்யூட்டர் அறை.

கனகவள்ளி, அங்கே டிசைன் போடுகிறவள். திங்கட்கிழமை முதல் உல்லாஸ்நகரில் வேறொரு பட்டறைக்குப் போகிறாள். எல்லோருக்கும் தெரிந்துதான் போகிறாள்.

சுதன், காசிராஜனின் அக்கா மகன். ஏதோ ஒரு கோர்ஸ் முடித்தவன் என்பதால் கம்ப்யூட்டர் பொறுப்பு அவனிடம்.

நான், மாரீஸ்வரன். மஹாபேயில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்டில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டேன். இப்போது யாராவது கூப்பிட்டால் போகிறேன்.

ஐந்தாவதாகச் சர்வர். சுவரோரம், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு டிஸ்க் பெட்டிகளுடன் இருந்தது. பெட்டிகளுக்கும் பொட்டு. ஆயுத பூஜை அந்த வாரம்தான் முடிந்திருந்தது. கீபோர்டில் ஒரு பொரி கிடந்தது.

"வா தம்பி," என்றார் காசிராஜன். "களவு போயிருக்கு. எப்படிப் போச்சுன்னு மட்டும் சொல்லு. யாரு எடுத்தாங்கிறது எனக்குத் தெரியும்."

கனகவள்ளியின் கைப்பை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. டிஃபன் பாக்ஸ், சீப்பு, ரயில் பாஸ், தலைவலி மாத்திரை. யாரோ எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்திருக்கிறார்கள். அவள் அவற்றைத் திரும்ப எடுத்து வைக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும் என்று கைகட்டி நின்றாள்.

"பென் டிரைவ எங்கட்டி வச்சிருக்க?"

"அண்ணாச்சி, இந்த ஏட்டி போட்டி சோலியெல்லாம் வேண்டாம். என்கிட்ட பென் டிரைவே கிடையாது."

"பின்ன டிசைன் றெக்க மொளச்சுப் பறந்துட்டோ?"

விஷயம் இதுதான். மாட்டுங்காவில் ஒரு பட்டுக்கடை, முகூர்த்த சீசனுக்காகக் கல்யாண ரவிக்கை டிசைன் ஒரு செட் கேட்டிருந்தது. கனகவள்ளி போட்டாள். பூஜை முடிந்து வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரே நாளில் முடித்தாள். கடைக்காரர் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையில் ஃபோல்டரைத் திறந்தால் பட்டறையின் பழைய டிசைன்கள் எல்லாம் இருக்கின்றன, அந்த ஒரு செட் மட்டும் இல்லை. போட்டவள் வேலையை விட்டுப் போகிறவள். காசிராஜனுக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

"அஞ்சு மணிக்குள்ள வரல, உல்லாஸ்நகர் ஜகந்நாதனுக்கு போன் அடிப்பேன். நீ வேலைக்கு எடுத்திருக்கது கள்ளியன்னு சொல்லுவேன். அவன் மட்டுமில்ல, கல்யாண் வரைக்கும் எவனும் உன்ன வாசல்ல ஏத்த மாட்டான்."

அது வெறும் மிரட்டல் இல்லை. இந்தத் தொழிலில் ஒரு பட்டறை டிசைனை இன்னொன்றுக்குக் கொண்டுபோனவள் என்று பெயர் வந்தால் அதோடு சரி. யாரும் விசாரிக்க மாட்டார்கள். கனகவள்ளி தாராவி ரூமைக் காலி செய்துவிட்டாள். சாமான் காலையிலேயே டெம்போவில் போய்விட்டது. இங்கே அவளுக்கு மிச்சம் அந்தக் கைப்பையில் இருந்ததுதான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஃபைல் நிஜமாகவே அழிந்திருந்தால் நான் சொல்லப்போகும் வாக்கியம் அவளுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

மவுஸ் அரை விநாடி தாமதமாக நகர்ந்தது. முதலில் அதைத்தான் கவனித்தேன். நினைவகம் எவ்வளவு மிச்சம் என்று இயந்திரத்தைக் கேட்டேன். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஸ்வாப் என்ற வரியில் மூன்று பூஜ்யம்.

ஸ்வாப் என்பது ஒரு டிஸ்க் இடம். நினைவகம் நிரம்பும்போது உடனே தேவைப்படாததை இயந்திரம் அங்கே இறக்கி வைக்கும். அந்த இடம் இல்லையென்றால், நிரம்பிய அன்று அது அதிகம் தின்கிற ஒரு நிரலைப் பார்த்துக் கொன்றுவிடும். யாரையும் கேட்காது. இவ்வளவு சின்ன நினைவகம் உள்ள பெட்டியை ஸ்வாப் இல்லாமல் யாரும் ஓட்ட மாட்டார்கள்.

"இத எப்போ அணைச்சீங்க?"

"ஆயுத பூஜைக்கு," என்றார் காசிராஜன். "போன வருஷம் வெறும் குங்குமம்தான் வச்சோம், இது ஓடிக்கிட்டே இருந்துச்சு. பாரு, வருஷம் பூரா மெஷின் ரிப்பேர். ஆயுதம்னா அன்னைக்கு ஒரு நாள் ஓயணும். இந்தத் தடவை எல்லாத்தயும் பந்த் பண்ணி, வயர் கழட்டி, தொடச்சு, முறைப்படி படத்துக்கு முன்னால வச்சோம்."

"இந்த ரெண்டு பெட்டியயுமா?"

"ரெண்டயும்தான். அதென்ன ஆயுதம் இல்லயா?"

"அதுக்கு முன்னாடி எப்பவாவது அணைச்சிருக்கீங்களா?"

சுதன் சிரித்தான். "அரே, ஜீஷான் பாய் போட்டுக் குடுத்ததுல இருந்து பந்தே ஆனது இல்ல. இன்வெர்ட்டர் இருக்குல்ல."

ஜீஷான் இந்தச் சர்வரை அமைத்தவன். துபாய் போய்விட்டான். அவன் செய்துவிட்டுப் போனது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

இந்தச் சர்வரை ஓட்டுகிற யூனிக்ஸில் டிஸ்குக்கென்று தனி வாசல் கிடையாது. ஒரு ஃபோல்டரைக் காட்டி, இந்த டிஸ்கை இங்கே மாட்டு, அதாவது மவுண்ட் செய், என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு அந்த ஃபோல்டருக்குள் போகிறவர் அந்த டிஸ்குக்குள் போகிறார். மாட்டவில்லை என்றாலும் ஃபோல்டர் இருக்கும், காலியாக. அதில் எழுதினால் வாங்கிக்கொள்ளும். இங்கே டிஸ்க் இல்லையே என்று குறை சொல்லாது.

இயந்திரம் கண் விழிக்கும்போது எதை எங்கே மாட்ட வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஒரு ஃபைல் உண்டு. திறந்தேன். உள்ளே இருக்கும் சின்ன சிஸ்டம் டிஸ்க் மட்டும்தான் அதில் இருந்தது. ஜீஷான் இரண்டு பெட்டிகளையும் கையால் கட்டளை அடித்து மாட்டிவிட்டு, இதில் எழுதாமல் போயிருக்கிறான். அணைக்காத வரை எல்லாம் சரி. அணைத்தார்கள், இயந்திரம் மறந்துவிட்டது.

"வெள்ளிக்கிழம காலைல போட்டப்போ டிசைன் ஃபோல்டர் எப்படி இருந்துச்சு?" என்று கனகவள்ளியிடம் கேட்டேன்.

"காலியா இருந்துச்சு. இவன்கிட்ட சொன்னேன்."

"நெட்வொர்க் லோச்சா, ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்," என்றான் சுதன். "நீ உன் வேலயப் பாருன்னேன். அப்புறம் இன்னைக்குக் காலைல வீடியோ பாத்து நானே சரி பண்ணிட்டேன். பழைய டிசைன் எல்லாம் டக்குனு வந்துருச்சு. மாமாவையே கேளு."

"என்ன பண்ணின?"

"மவுண்ட் பண்ணேன். ரெண்டு டிஸ்க் பேரு இருந்துச்சு, ஒண்ணு ஒட்டல, இன்னொண்ணு ஒட்டிச்சு."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். பொய் சொல்லவில்லை. செய்தது என்னவென்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, கீழ மெஷின நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு? ஆர்டர் ஓடுது."

"மெஷின் எல்லாம் இந்த ஃபோல்டரத்தான் படிக்குது. அது கைய விட்டாத்தான் நான் டிஸ்க கழட்ட முடியும்."

"கழட்டினா பழசும் போயிருமா?"

"போகாது."

"நிச்சயமா?"

கழற்றாமலே அடியில் பார்க்கவும் வழி இருக்கிறது. ஆனால் நான் வேறு ஏதோ இடத்திலிருந்து ஃபைலைக் கொண்டுவந்து காட்டினால், அங்கே ஏன் போனது என்று அவளைக் கேட்பார். அதே ஃபோல்டரில், அவர் கண்ணெதிரே தெரிய வேண்டும். "நிச்சயம்," என்றேன். நூறு சதவீதம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

காசிராஜன் படியில் குனிந்து கத்தினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கட்டடத்தில் அந்தச் சத்தம் இல்லாமல் நான் நின்றதே இல்லை. பக்கத்துச் சந்தில் யாரோ பாத்திரம் தேய்ப்பது கேட்டது.

"அண்ணாச்சி, அன்னத்துக்குக் கழுத்து வரைக்கும்தான் வந்திருக்கு!" என்று கீழே மெஷினில் அன்னப்பறவை தைத்துக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டியின் குரல். "தலை எப்போ?"

"உன் தலைய வச்சுத் தையில! சும்மா கெட!"

வயரைத் தொடாமல், கட்டளையால் டிஸ்கைக் கழற்றினேன். மெஷின்கள் நின்றிருந்ததால் இயந்திரம் மறுக்கவில்லை. ஃபோல்டரைத் திறந்தேன். பழைய டிசைன்கள் ஒன்றுகூட இல்லை. கல்யாண செட் இருந்தது. எல்லா ஃபைலும், வெள்ளிக்கிழமை தேதியோடு.

கனகவள்ளி கைகட்டை அவிழ்த்தாள்.

"தெற," என்றார் காசிராஜன். "பேரு எவன் வேணா வைக்கலாம். உள்ள பூ இருக்கான்னு பாக்கணும்."

டிசைன் மென்பொருளில் முதல் ஃபைலைத் திறந்தேன். திரையில் பாதி வட்டம் வந்தது. மவுஸ் நின்றது. பிறகு ஜன்னல் தானாக மூடிக்கொண்டது.

"பாத்தியா!" காசிராஜன் மேசையில் அடித்தார். மாத்திரை அட்டை கீழே விழுந்தது. "கூட்ட மட்டும் வச்சிட்டு உள்ள உள்ளத எடுத்துட்டா."

"நேத்தும் இப்படித்தான் ரெண்டு தடவ மூடிச்சு," என்றாள் கனகவள்ளி. "சொன்னேன்லா? போற பிள்ளைக்கு வேலைல மனசு இல்லன்னிய."

"ஃபைல் கெடல அண்ணாச்சி," என்றேன். "திறக்க இடம் பத்தல. ஸ்வாப் போடணும். ஒரு நிமிஷம்."

நான் ஜீஷானின் பழைய கட்டளைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சுதன் என் தோளுக்குமேல் குனிந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"இது எனக்குத் தெரியும். இங்கயே ஒட்டிருக்கு பாரு." சர்வரின் தலையில் ஜீஷானின் கையெழுத்தில் ஒரு சீட்டு. அதில், இரண்டாவது டிஸ்க் ஸ்வாப் என்று இருந்தது. அவன் இரண்டாவது டிஸ்கின் பெயரைப் போட்டு ஸ்வாப்பை இயக்கச் சொன்னான். ஸ்வாப் தலைப்பைப் படிக்க முடியவில்லை, அதாவது இதில் ஸ்வாப் இல்லை என்று இயந்திரம் பதில் சொன்னது. அவன் போனில் எதையோ பார்த்தான். "ஓ, முதல்ல அத ஸ்வாப்பா மாத்தணுமாம்." வேகமாக அடித்தான். அந்த வேகம்தான் என்னைத் திரையைப் பார்க்க வைத்தது.

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். பலமாகத்தான் பிடித்திருக்க வேண்டும், "ஆய்" என்றான்.

"எண்டர் அடிச்சிராத."

"ஏன், என்ன ஆச்சு?"

"விரல எடு. முதல்ல விரல எடு."

எடுத்தான். அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். இரண்டு முறை விரல் தவறான இடத்தில் பட்டது.

"என்ன தம்பி?" காசிராஜனின் குரல் இறங்கிவிட்டது.

"பூஜைக்குக் கழட்டித் திரும்பச் சொருகும்போது ரெண்டு பெட்டியும் எடம் மாறிருச்சு அண்ணாச்சி. ஒரே மாதிரி இருக்குல்லா. சீட்டுல ரெண்டாவதுன்னு போட்டிருக்கு. இப்ப ரெண்டாவதா இருக்கது உங்க டிசைன் டிஸ்க். மாட்டியிருந்தா மெஷினே விடாது, நான் கழட்டி வச்சிருக்கதால தடுக்க ஆளில்ல. இவன் அடிச்சிருந்தா அதத் துடைச்சு ஸ்வாப் ஆக்கியிருக்கும்."

"துடைச்சுன்னா?"

"நீங்க பட்டறை ஆரம்பிச்சதுல இருந்து போட்ட அத்தனையும்."

அவர் சுதனைப் பார்த்தார். சுதன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு சீட்டைப் பார்த்தான். கனகவள்ளி மட்டும் சிரித்தாள். சிரிப்பு என்று சொல்ல முடியாது, மூக்கால் ஒரு மூச்சு. "அதுவும் என் தலையிலதான் விழுந்திருக்கும்," என்றாள்.

பெயரை நம்பாமல் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று இயந்திரத்தையே கேட்டேன். முதலாவது, ஸ்வாப் என்றது. மறுபடி கேட்டேன். அதே பதில். அதன் பிறகுதான் இயக்கினேன். மூன்று பூஜ்யத்தில் இரண்டு பெரிய எண்களாக மாறின.

கல்யாண செட்டின் முதல் ஃபைலைத் திறந்தேன். டிஸ்க் பெட்டி ஒன்றில் விளக்கு விடாமல் மின்னியது. பாதி வட்டம் வந்தது, நின்றது, பிறகு மெதுவாக மற்றப் பாதியும். முதுகுக்கு ஒரு பெரிய மாங்காய், அதற்குள் கொடி, கொடிக்குள் சின்னச் சின்ன மணி. கைக்குத் தனி ஃபைல். கழுத்துக்குத் தனி. ஒவ்வொன்றும் திறந்தது.

காசிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நல்ல வேலை என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். தெரிந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னது இது:

"அப்போ அடியில ஒளிச்சு வச்சிருந்திருக்கா."

கனகவள்ளியின் முகம் வெளுத்தது. அத்தனை நேரம் திருடி என்றபோது அவள் அப்படி ஆகவில்லை.

"ஒளிக்கல அண்ணாச்சி," என்றேன்.

"நீதானல டிஸ்க கழட்டின, கழட்டினதும்தான இது தெரிஞ்சுது? மேல பழசு, அடியில இது. திங்கக்கெழமை எடுத்துட்டுப் போலாம்னு பதுக்கி வச்சிருக்கா."

நான் உண்மையைக் காட்டித்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். மவுண்ட், ஃபோல்டர் என்று பேசினால் இன்னும் மோசமாகும். மேசையில் கிடந்த எம்பிராய்டரி ஃப்ரேமை எடுத்தேன். அதில் ஒரு துண்டுத் துணி மாட்டியிருந்தது.

"இது ஃபோல்டர். வெள்ளிக்கிழம இந்தப் பிள்ள உக்காந்து இந்தத் துணியில பூ போட்டுது. சரியா?"

"ம்."

"இதக் கழட்டாம, இது மேலயே இன்னொரு துணியப் போட்டு இழுத்து மாட்டினா?"

"மாட்டக் கூடாது. எவன் மாட்டுவான்?"

"மாட்டினா?"

"அடித்துணியில உள்ள பூ தெரியாது." அவர் ஃப்ரேமை என் கையிலிருந்து வாங்கினார். கொஞ்ச நேரம் அதைத் திருப்பிப் பார்த்தார். "அடித்துணி அங்கயேதான் இருக்கும்."

"அங்கயேதான் இருந்துச்சு."

"மேல் துணிய மாட்டினது யாரு?"

நான் திரையில் பழைய கட்டளைகளை மேலே ஓட்டினேன். சனிக்கிழமை காலை, சுதனின் பெயரில், மவுண்ட். "இத நான் படிக்க மாட்டேன்," என்றேன். "சுதன், நீ படி."

சுதன் நகரவில்லை. நான் எழுந்து நாற்காலியை விட்டேன். அவன் உட்காரவும் இல்லை, நின்றபடியே மெல்ல வாசித்தான். வாசித்து முடித்ததும், "மாமா, நான் நல்லதுக்குத்தான்..." என்றான்.

"அவ காலியா இருக்குன்னு சொன்னாளா உங்கிட்ட?"

"சொன்னா."

"நான் அவ பையக் கொட்டும்போது நீ பக்கத்துலதான நின்ன?"

"அது வேற இது வேறன்னு நெனச்சேன் மாமா. சத்தியமா."

காசிராஜன் ஃப்ரேமை மேசையில் வைத்தார். "சரி விடுங்க. கிடைச்சிட்டில்லா." கனகவள்ளியைப் பார்க்காமல் சொன்னார். "நல்லாத்தான் போட்டிருக்க. அஞ்சு மணிக்கு நீயே எடுத்துக் காட்டு."

அவள் சீப்பையும் பாஸையும் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். "ஜகந்நாதன் அண்ணனுக்கு போன் போட்டியளா?"

"அஞ்சு மணிக்குன்னுதான சொன்னேன்."

"காலைல இருந்து நான் போட்டா எடுக்க மாட்டேங்காவ. போட்டியளா இல்லயா?"

அவர் சட்டைப் பையில் போனைத் தொட்டார்.

"கோவத்துல... ஒம்பது மணி போல போட்டேன்."

நான் அவளைப் பார்க்காமல் இருக்க வேலையைப் பார்த்தேன். டிசைன் டிஸ்கை வேறோர் இடத்தில் மாட்டி, கல்யாண செட்டை அதற்குள் நகல் எடுத்தேன். பிறகு அந்தத் துவக்க ஃபைலில் இரண்டு பெட்டிகளையும் எழுதினேன், வரிசைப் பெயரால் இல்லை, ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாள எண்ணால். அவளுடைய வேலை கிடைத்துவிட்டது, அவளுக்கு இனி வேலை இருக்கிறதா என்பது அந்தப் போனில் இருந்தது.

"இப்பத் திரும்பப் போடுங்க," என்றாள். "ஸ்பீக்கர்ல."

"நான் சாயந்தரம் தனியா..."

"இப்ப. நான் நிக்கேன்லா."

போட்டார். நீண்ட நேரம் அடித்தது. கடைசி நொடியில் ஒரு குரல் எடுத்தது, பின்னால் மெஷின் இரைச்சல்.

"ஜகந்நாதா, காசிராஜன். காலைல ஒரு விஷயம் சொன்னேன்லா... அது கிடைச்சிட்டு."

"ஓ. சரி அண்ணாச்சி."

"கிடைச்சிட்டு இல்ல," என்றாள் கனகவள்ளி, போனுக்குக் கேட்கும்படி. "எடுக்கலன்னு சொல்லுங்க."

காசிராஜன் தொண்டையைச் செருமினார். "அந்தப் பிள்ள எடுக்கல. இங்கயேதான் இருந்துச்சு. எங்க பய... எங்க தப்பு."

மறுபக்கம் வெறும் இரைச்சல். யாரோ யாருக்கோ நூல் கலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் காலைலயே வேற ஆளப் பேசிட்டேனே அண்ணாச்சி," என்றது குரல். "அவுகளுக்கும் வாக்குக் குடுத்தாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "சரி. திங்கக்கெழமை வரச்சொல்லுங்க. பாப்போம்."

துண்டித்துவிட்டது.

வரச்சொல்லுங்க என்பதா, பாப்போம் என்பதா, எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. கீழே விழுந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் இரும்மா," என்றார் காசிராஜன். ஏட்டி போய், அம்மா வந்திருந்தது. "கடைக்காரர் ஏதாவது மாத்தணும்பாரு. இவனுக்கு என்ன தெரியும்?"

"மவுண்ட் பண்ணத் தெரியுமே," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். என்னிடம் ஒரு தலையசைப்பு. நன்றி என்று எடுத்துக்கொள்ளும்படியாக அதில் எதுவும் இல்லை. இரும்புப் படியில் இறங்கினாள்.

காசிராஜன் நெற்றியைத் துடைத்தார். கீழே இசக்கிப்பாண்டி, "மெஷின் போடவா அண்ணாச்சி?" என்று கத்தினான். அவர் சுதன் பக்கம் திரும்பினார். "கதவச் சாத்துல," என்றார். "பூட்டிப் போடு. தம்பி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் இந்தப் பெட்டிப் பக்கம் வரக் கூடாது."

அவள் இன்னும் படியில்தான் இருந்தாள், செருப்புச் சத்தம் கேட்டது. சுதன் கதவைச் சாத்தி, அவளுக்குக் கேட்கும்படி உள்ளிருந்து சாவியைத் திருப்பினான்.